கேட்காத எழுத்து: முதலியார்பேட்டையிலிருந்து பிரெஞ்சுப் பெயரடை பற்றிச் சில குறிப்புகள்

1

முதலியார்பேட்டையில் என் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் ஆறு மணிக்கு எட்டுப் பத்துப் பிள்ளைங்க வந்து உட்காரும். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. எல்லாம் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எடுத்திருக்கிற பிள்ளைங்க. இரண்டு பேர் சொல்தா வீட்டுப் பேரப்பிள்ளைகள். பாட்டன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். மற்றவர்களுக்குப் பிரான்சோடு ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆட்டோ ஓட்டுகிறவர், துணிக்கடையில் நிற்கிறவர், ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறவர் பெற்ற பிள்ளைகள். 'பிரெஞ்சு எடுத்தா மார்க் அள்ளலாம்' என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சேர்த்தவர்கள்.

அன்றைக்குப் பாடம் 'உய்ன் தாப்ல் ரோந்த்', அதாவது வட்ட மேசை. தமிழில் 'வட்ட' முன்னால் வருகிறது, பிரெஞ்சில் பின்னால் வருகிறது, அது ஒன்று. மேசை பெண்பால், ஆகவே 'வட்ட' என்ற சொல்லும் பெண்பால் வடிவம் எடுக்க வேண்டும், இது இரண்டு. நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்: "மேசை எப்படி சார் பொம்பளையாவும்?"

"அது அப்படித்தான். மனப்பாடம் பண்ணு" என்றேன். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் எனக்குச் சொல்லப்பட்ட அதே பதில். சொன்ன கணத்தில் என் வாயிலிருந்து வந்தது என் குரல் இல்லை என்று பட்டது. அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அது புதுச்சேரியின் வரலாறும்தான்.

2

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு தெரியாத வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நல்ல பையன், நல்ல பொண்ணு, நல்ல மாடு, நல்ல ஜனங்கள். தமிழில் 'நல்ல' அசையாமல் அப்படியே நிற்கிறது. பெயருக்கு முன்னால்தான் நிற்கும். பிரெஞ்சில் பெயரடை தன் பெயரைப் பார்த்து உடை மாற்றிக்கொள்கிறது. ஆண்பால் ஒருமை, பெண்பால் ஒருமை, ஆண்பால் பன்மை, பெண்பால் பன்மை என்று நான்கு உடை. 'பெரிய' என்பது ஆண்பாலுக்குக் 'கிரான்', பெண்பாலுக்குக் 'கிராந்த்'. 'சின்ன' என்பது 'பெத்தி', 'பெத்தித்'. இடம் என்று பார்த்தால், நிறம், வடிவம், நாடு குறிக்கும் பெயரடைகள் பெயருக்குப் பின்னால் வரும். நல்ல, கெட்ட, பெரிய, சின்ன, அழகான, புதிய, கிழ என்று தினப்படி புழங்கும் ஒரு சிறு கூட்டம் மட்டும் முன்னால் வரும். சில பெயரடைகள் இடம் மாறினால் பொருளும் மாறிவிடும். 'கிரான்' முன்னால் வந்து 'கிரான்தோம்' என்றால் பெரிய மனுஷர், மகான். பின்னால் வந்து 'ஓம் கிரான்' என்றால் வெறுமனே உயரமான ஆள். 'போவ்ர்' என்ற சொல் முன்னால் வந்தால் ஐயோ பாவம். பின்னால் வந்தால் கையில் காசில்லாதவன்.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் கஷ்டமே இல்லை. பத்து அட்டை எழுதிக் கொடுத்து மாற்றி மாற்றி வைக்கச் சொன்னால் அரை மணியில் பிடித்துக்கொள்வார்கள். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. 'அழகான' என்பதற்கு 'ஜொலி' என்று ஒரு சொல். எழுத்தில் அதற்கு நான்கு வடிவம் உண்டு, காதுக்கு ஒன்றுதான். பெண்பாலுக்கு ஒரு எழுத்து, பன்மைக்கு ஒரு எழுத்து சேர்க்க வேண்டும். சேர்த்த எழுத்தை யாரும் உச்சரிப்பதில்லை. பிரெஞ்சின் இயைபில் பெரும்பகுதி இப்படித்தான் வாயிலும் காதிலும் இல்லாமல் தாளில் மட்டும் நடக்கிறது.

தமிழ்ப் பிள்ளைக்கு இது ஒரு திகைப்பு. நமக்கு ஒரே 'க' இடத்துக்கு இடம் வேறு மாதிரி ஒலிக்கலாம், ஆனால் எழுதின எழுத்து எதுவும் ஊமையாக நிற்பதில்லை. "சொல்லாத எழுத்தை ஏன் சார் எழுதணும்?" என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளையாவது கேட்கும்.

3

இந்தக் கேள்வியை ஆந்த்ரே ஷெர்வெல் என்ற பிரெஞ்சு வரலாற்றாய்வாளர் வேறு விதத்தில் கேட்டார். 1977இல் வெளிவந்த அவருடைய நூல் பள்ளி இலக்கணத்தின் வரலாற்றை ஆராய்கிறது. அவர் வாதம் இது: பள்ளிகளில் இலக்கணம் என்ற பெயரில் சொல்லிக்கொடுக்கப்படுவது மொழி எப்படி இயங்குகிறது என்று விளக்குவதற்காகப் பிறந்ததல்ல, எழுத்துப் பிழை இல்லாமல் எழுதவைப்பதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டமைக்கப்பட்டது. காது வழிகாட்டாத இடத்தில் எந்த எழுத்தைப் போடுவது என்று தெரிய, எது பெயர், எது பெயரடை, எது எதற்குக் கட்டுப்பட்டது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். 1823இல் வெளிவந்த நோயெல்-ஷப்சால் இலக்கணம் இந்த வேலையைச் செய்த பாடநூல்களில் பேர்போனது. 1882இல் ஆரம்பக் கல்வி கட்டாயமானபோது இந்த இலக்கணம் நாடு முழுக்கப் பரவியது. ஆரம்பக் கல்விச் சான்றிதழ்த் தேர்வில் 'திக்தே' என்கிற சொல்வதெழுதல்தான் பெரிய கண்டம். ஐந்து பிழை என்றால் பூஜ்யம். பூஜ்யம் என்றால் தேர்வே போச்சு.

ஆக, கேட்காத அந்த எழுத்து ஒரு சல்லடை. பேச்சு மட்டும் தெரிந்தவன் அதில் தங்கமாட்டான். வீட்டில் புத்தகம் இருந்தவன், எழுதின தாளை வளர்ந்தவர்கள் யாராவது திருத்திக் கொடுத்தவன், அவன்தான் தங்குவான். பிரெஞ்சுக் கிராமத்துக் குடியானவன் பிள்ளைக்கும் அது சல்லடைதான் என்பதை நாம் மறக்கக் கூடாது. காலனியத்தைப் பற்றிப் பேசும்போது ஆள்கிறவன் எல்லாம் ஒரே ஆள் என்பது போலப் பேசிவிடுகிறோம்.

விதியின் உள்ளே இன்னொன்று ஒளிந்திருக்கிறது. முப்பது பெண்களும் ஒரு பையனும் சேர்ந்து சந்தோஷமாக இருந்தால் 'சந்தோஷமான' என்ற பெயரடை ஆண்பால் பன்மையில் வர வேண்டும். ஆண்பால் பெண்பாலை வெல்லும் என்று பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். பழைய பிரெஞ்சில் பக்கத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதோடு பெயரடையை இயைய விடும் வழக்கமும் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து இலக்கணக்காரர்கள் அதை ஒதுக்கித் தள்ளினார்கள். 1767இல் நிக்கோலா பொசே என்பவர், ஆணினம் பெண்ணினத்தைவிட மேலானது, ஆகவே ஆண்பால் மேலான பால் என்று காரணமே எழுதிவைத்தார். இருநூற்றைம்பது வருஷம் கழித்து, 2017 நவம்பரில், பிரான்சில் 314 ஆசிரியர்கள் இனி இந்த விதியைச் சொல்லிக்கொடுக்க மாட்டோம் என்று கையெழுத்திட்டு அறிவித்தார்கள். 'அது அப்படித்தான்' என்பது எப்போதும் அப்படி இருந்ததில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

நான் படித்த பள்ளியின் பெயர் வேண்டாம். சொல்வதெழுதலில் மூன்று பன்மை எழுத்து விட்டுப்போனதற்காகப் பெஞ்சு மேல் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன். நின்றது எனக்கு வலிக்கவில்லை. வாயால் படித்துக் காட்டச் சொன்னால் நான் எழுதினதும் முதல் மார்க் வாங்கின பையன் எழுதினதும் ஒரே மாதிரிதானே கேட்கும் என்று தோன்றியது. அதைச் சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் வலி.

அல்துஸர் 1970இல் எழுதிய கட்டுரையில் பள்ளியைக் கருத்தியல் அரசு எந்திரங்களில் தலையானதாக வைக்கிறார். அதிகாரம் நம்மை விளிக்கிறது. நாம் திரும்பிப் பார்க்கிறோம். அந்தத் திரும்பலில் தன்னிலை ஆகிறோம். 'சுஜே' என்ற ஒரே பிரெஞ்சுச் சொல்லுக்கு வாக்கியத்தின் எழுவாய், மன்னனின் குடி, தத்துவத்தின் தன்னிலை என மூன்று பொருளும் உண்டு. புதுச்சேரிக்காரர்கள் இந்த மூன்றையும் ஒரே கரும்பலகையில் படித்தவர்கள்.

4

புதுச்சேரியில் அரசர் பெயரால் கல்லூரி தொடங்கப்பட்டது 1826இல். இன்றைய பிரெஞ்சு லிசேயின் வேர் அது. 1870களில் கல்வே கல்லூரி வந்தது. அங்கே தமிழ் படித்த கனக சுப்புரத்தினம் என்கிற பாரதிதாசன் 1909 முதல் 1946 வரை பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்தார். மிஷன் அச்சகத்தில் முஸ்ஸே, துய்ப்புய் பாதிரிமாரின் தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855இலும் 1862இலும் இரண்டு பாகமாக வந்தது. இரண்டு மொழிகளும் ஒரே ஊரில், ஒரே கட்டடத்தில் சொல்லிக்கொடுக்கப்பட்டன. ஆனால் இரண்டுக்கும் ஒரே விலை இல்லை.

1873இல் வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை காலில் ஐரோப்பியச் செருப்போடு நீதிமன்றத்துக்குள் வந்தார் என்று வெளியேற்றப்பட்டார். பாரீஸ் வரை போய் வழக்கை ஜெயித்தார். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணை வந்தது: இந்தியர்கள் தங்கள் சாதி, மத வழக்கத்துக்குட்பட்ட தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்கலாம், ஒரு குடும்பப் பெயரும் எடுத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்ட பெயர் லாபோர்த். 'லா போர்த்' என்றால் கதவு. பெண்பால் சொல். என் திண்ணைப் பிள்ளைகள் முதல் வாரமே படிக்கிற சொல்.

இப்படித் துறந்தவர்களுக்கு 'ரெனோன்சான்' என்று பெயர். இந்தச் சொல்லின் இலக்கணத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். அது ஒரு வினையெச்சம் போன்ற வடிவம்: 'துறந்துகொண்டு'. வினையாக நிற்கும்போது அது எதற்கும் இயையாது, மாறாது. 1679இல் பிரெஞ்சு அகாதெமி அப்படி முடிவு கட்டியது. ஆனால் அதே வடிவம் பெயரடையாகவோ பெயராகவோ ஆகிவிட்டால் பால், எண் பார்த்து இயைந்தே தீர வேண்டும்: ரெனோன்சான், பெண்ணானால் ரெனோன்சாந்த். துறக்கிற செயல் நடக்கும்போது ஆளுக்கு வடிவம் கிடையாது. துறந்து முடித்தவன் என்று பேர் வந்ததும் இயைபு தொடங்கிவிடுகிறது. அப்படி இயைந்தவர்களில் பலர் கொச்சின்சீனாவுக்குக் கப்பலேறினார்கள். சைகோனில் போலீஸ், வரிவசூல், எழுத்தர் வேலை. சொல்வதெழுதலில் தேறிய கைகளுக்குக் கிடைத்த வேலைகள் அவை.

முதலியார்பேட்டை இந்தக் கதையில் எங்கே வருகிறது? நேரடியாக வருவதில்லை. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரிப் பகுதியின் எட்டு கொம்யூன்களில் ஒன்று இது. 1898இல் வந்த ரோடியர் மில்தான் ஊரின் அடையாளம். எங்கள் தாத்தா அங்கே நூற்புப் பகுதியில் இருந்தார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சைக் கைவிரலில் எண்ணலாம்: மேரி, சொல்தா, நொத்தேர், கொம்யூன். புதுச்சேரித் தமிழில் இன்றும் புழங்கும் இந்தச் சொற்களை யோசித்துப் பாருங்கள். எல்லாம் பெயர்ச்சொல். பெயரடை ஒன்றுகூட இல்லை. வந்த பெயர்ச்சொல்லும் பாலைக் கரையிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்தது. 'மேரிக்குப் போனேன், பூட்டியிருந்துச்சு' என்று சொன்ன என் தாத்தாவுக்கு நகராட்சி அலுவலகம் பிரெஞ்சில் பெண்பால் என்று தெரியாது; தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தெரு, பெயர்ச்சொல்லை எடுத்துக்கொண்டது. பெயரடையையும் இயைபையும் பள்ளி தன்னிடமே வைத்துக்கொண்டது.

பிரெஞ்சுச் சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று சொன்ன அரசுதான் 1936 ஜூலை 30ஆம் தேதி வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தியது. பன்னிரண்டு பேர் செத்தார்கள். மறு வருஷம் எட்டு மணி நேர வேலைக்கு ஆணை வந்தது. அந்த எட்டு மணி நேரத்தை முதலியார்பேட்டைக்கு வாங்கிக் கொடுத்தது சொல்வதெழுதல் அல்ல.

5

புதுச்சேரி வரைபடத்தில் இரண்டு பெயரடைகள் இருந்தன. கால்வாய்க்குக் கிழக்கே 'வில் பிளான்ஷ்', வெள்ளை நகரம். மேற்கே 'வில் நுவார்', கறுப்பு நகரம். 'வில்' பெண்பால், ஆகவே இரண்டு நிறமும் பெண்பால் உடை போட வேண்டும், நிறம் என்பதால் இரண்டும் பின்னால் நிற்கும். விதிப்படி எல்லாம் சரி. ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வெள்ளைக்கு ஆண்பால் 'பிளான்', பெண்பால் 'பிளான்ஷ்'. வித்தியாசம் காதில் விழுகிறது. கறுப்புக்கு ஆண்பாலும் 'நுவார்', பெண்பாலும் 'நுவார்'. கடைசியில் ஒரு எழுத்து கூடியிருப்பது தாளைப் பார்த்தால்தான் தெரியும். வெள்ளை நகரத்தின் இயைபு கேட்கிறது, கறுப்பு நகரத்தின் இயைபு கேட்பதில்லை. இது மொழியின் ஒலி வரலாற்றில் நேர்ந்த தற்செயல், யாருடைய சதியும் இல்லை. ஆனாலும் வருஷா வருஷம் நிறங்கள் பாடம் நடத்தும்போது என் குரல் அந்த இடத்தில் ஒரு நொடி நிற்கும்.

முதலியார்பேட்டை இந்த இரண்டிலும் இல்லை. நகரத்தைச் சுற்றிய புல்வாருக்குத் தெற்கே, ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம். வெள்ளை, கறுப்பு என்ற இரண்டு பெயரடையும் நகரத்துக்குத்தான். நகரத்துக்கு நூல் நூற்றுக் கொடுத்த இடத்துக்குப் பெயரடையே கிடையாது.

இயைபுக்குப் பிரெஞ்சில் 'அக்கோர்' என்று பெயர். ஒப்பந்தத்துக்கும் அதே சொல்தான். 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170, வேண்டாம் என்று 8. மூன்று நாள் கழித்து 'அக்கோர்' கையெழுத்தானது. நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுப்பவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம் என்றது அது. எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கேயும் எழுத்துதான், வாய்ப்பேச்சு செல்லாது. எழுதிக் கொடுத்த வீட்டுப் பேரன் ஒருத்தனும் எழுதிக் கொடுக்காத வீட்டுப் பேத்தி ஒருத்தியும் என் திண்ணையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பெயரடையைப் படிக்கிறார்கள். பிழை விட்டால் இருவருக்கும் ஒரே நஷ்டம் இல்லை. பேரனுக்கு அது பாஸ்போர்ட்டைத் தொடாது.

6

இதுவரை எழுதியதோடு நிறுத்தியிருந்தால் கட்டுரை எனக்கு வசதியாக முடிந்திருக்கும். அந்நிய மொழியின் அதிகாரத்தைக் கட்டுடைத்தாயிற்று, தமிழ் சமத்துவமான மொழி, 'நல்ல' யாருக்கும் உடை மாற்றுவதில்லை என்று. விடவில்லை, அந்த நாலாம் வகுப்புப் பெண்.

ஒரு நாள் பாடத்துக்கு நடுவில் நான் வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தேன்: "தெரு கூட்டுறது வந்துச்சா?" வாசலில் அந்த அம்மாவுக்குக் காபி கொடுப்பது வழக்கம். பெண் நோட்டிலிருந்து தலையைத் தூக்கிச் சாதாரணமாகக் கேட்டாள்: "மேசை பொம்பளைன்னீங்க. அந்த அம்மா மட்டும் 'அது'வா சார்?"

தமிழில் பெயரடை இயைவதில்லை என்பது சரி. ஆனால் தமிழில் இயைபு இல்லாமல் இல்லை. அது வினைமுற்றில் உட்கார்ந்திருக்கிறது. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலே திணையிலிருந்துதான் தொடங்குகிறது. மக்கள் உயர்திணை, மற்றவை அஃறிணை. உயர்ந்தது ஒன்று, உயராதது ஒன்று. மாறி வந்தால் வழு. சில மாறல்களை ஏற்றுக்கொள்ளலாம், அவை வழுவமைதி. பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் 1901இல், சில இயைபுப் பிழைகளைத் தேர்வில் பிழையாகக் கொள்ளாமல் விடலாம் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. நம்மவர்கள் அந்த மாதிரிப் பட்டியலை எப்போதோ போட்டுவிட்டார்கள். திணையும் பாலும் மயங்குவதற்கு நன்னூல் ஐந்து காரணம் ஏற்கிறது: மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு. குழந்தையை 'அது தூங்குது' என்பது மகிழ்ச்சி. கடைசிக் காரணத்தைக் கவனியுங்கள். இழிவும் இலக்கணம் ஒப்புக்கொண்ட காரணம்தான்.

பிரெஞ்சு மேசையைப் பெண்ணாக்குகிறது. நம் பேச்சு, பெண்ணை மேசையாக்குகிறது. பிரெஞ்சு இயைபில் பாதி யாருக்கும் கேட்காத எழுத்து. தமிழ் இயைபு ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் தெருவுக்கே கேட்கிறது. எழுபது வயசு ஆளை 'வந்தான்' என்பதும் இருபது வயசுப் பையனை 'வந்தார்' என்பதும் எந்த ஊரில், எந்தத் தெருவில், யார் வாயில் என்று பார்த்தால் சாதியின் வரைபடமே கிடைக்கும். அதற்குக் கால்வாய் தேவையில்லை. எந்தப் பள்ளியும் நமக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்வதெழுதல் இல்லை, சிவப்பு மை இல்லை. நாலு வயசுக்குள் பிழையில்லாமல் கற்றுக்கொண்டுவிடுகிறோம். இந்தக் கட்டுரையின் முதல் வாக்கியத்தை நான் எப்படி முடித்திருக்கிறேன் என்று வேண்டுமானால் திரும்பப் பார்க்கலாம். அதில் இருப்பது மகிழ்ச்சிதான் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.

7

இப்போது திண்ணையில் வேறு மாதிரி நடத்துகிறேன். முதல் மாதம் எழுத்தே கிடையாது. காதுக்குக் கேட்கிற இயைபு மட்டும்: பெத்தி, பெத்தித், கிரான், கிராந்த், பிளான், பிளான்ஷ். வாய் பழகினபிறகு, கேட்காத எழுத்துகளைத் தனி நிற சாக்குக்கட்டியில் எழுதுகிறேன். இது ஏன் வந்தது, யார் வைத்தது, வைக்காமல் இருந்த காலமும் உண்டு என்று தெரிந்த அளவு கதையும் சொல்கிறேன். பிறகு, எழுதத்தான் வேண்டும் என்கிறேன். விதியின் வரலாறு தெரிந்துவிட்டால் விதியிலிருந்து விடுதலை என்று பிள்ளைகளிடம் பொய் சொல்ல முடியாது. சல்லடை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. இவர்கள் அதில் தங்க வேண்டும். கூடவே, பாடத்தின் முடிவில் பத்து நிமிஷம் தமிழ் வினைமுற்று. யாரை எப்படிச் சொன்னோம் என்று அன்றைய பேச்சிலிருந்தே எடுத்துப் பார்ப்பது. அதில் அதிகப் பிழை எனக்குத்தான்.

போன மாதம் இடம் மாறினால் பொருள் மாறும் பெயரடைகளுக்கு வந்தோம். 'ஆன்சியென்' பெயருக்கு முன்னால் வந்தால் 'முன்னாள்', பின்னால் வந்தால் 'பழங்காலத்து'. உதாரணத்துக்கு ஊர் மில்லையே எடுத்தேன். ரோடியர் மில், பிற்பாடு ஏ.எஃப்.டி., 2020 ஏப்ரலில் மூடப்பட்டது. 'லான்சியென் யுசீன்' என்றால் ஒரு காலத்தில் மில்லாக இருந்தது. 'யுசீன் ஆன்சியென்' என்றால் பழமையான மில். தமிழில் இரண்டுக்கும் 'பழைய மில்' என்று சொல்லிவிடுகிறோம். எது சரி என்று வீட்டில் கேட்டுக்கொண்டு வந்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன்.

அந்தப் பெண்ணின் தாத்தா அங்கே முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அவர் இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லையாம். "பழைய மில்லும் இல்ல, முன்னாள் மில்லும் இல்ல. மூடுன மில்லுன்னு எழுது" என்றாராம். நான் சொல்லிக்கொடுக்காத சொல்லை அகராதியில் தேடி எழுதிக்கொண்டு வந்திருந்தாள்: 'யுசீன் ஃபெர்மே'. பெயருக்குப் பின்னால் சரியாக வைத்திருந்தாள். மில் பெண்பால் என்பதால் கடைசியில் ஒரு எழுத்து கூடுதலாக வர வேண்டும். வாயில் சொன்னால் யாருக்கும் கேட்காத எழுத்து. நோட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். போட்டிருந்தாள்.